பழனி மலைகளில் கிறித்தவ ஆன்மிகப் பயிற்சி மரபுகள்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் மலைத்தொகுதி. வராககிரி என்பது இதன் பழம்பெயர்களில் ஒன்று. வடக்கு அடிவாரத்தில் முருகன் குடிகொண்ட பழனியும், தெற்கு விளிம்பில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலும் உள்ளன. இன்று கொடைக்கானல் என்றால் ஏரியும் சுற்றுலாவுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நகரம் உருவானதே கிறித்தவ மறைப்பணியாளர்களால்தான். 1845 முதல் இன்றுவரை வெவ்வேறு கிறித்தவப் பிரிவினர் செபத்துக்காகவும் தனிமைக்காகவும் ஆன்மிகப் பயிற்சிக்காகவும் இம்மலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் வைத்த இடப்பெயர்களே அவர்களுடைய இறையியலைச் சொல்லிவிடும். அமெரிக்கர்கள் முதலில் குடியேறிய குன்றின் பெயர் நீபோ. வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதற்குள் நுழையாமலேயே மோசே இறந்த மலை அது. இயேசு சபையினர் தாங்கள் வாங்கிய பங்களாவுக்கு 'லா ப்ராவிடான்ஸ்' என்று பெயரிட்டனர். 'இறைபராமரிப்பு' என்பது அதன் பொருள். ஒன்று கிடைக்காமல் போனதைப் பற்றிய பெயர், மற்றது கொடுக்கிறவரைப் பற்றிய பெயர். கடவுள் எப்படிப்பட்டவர், அவரை நம்புகிறவர் எப்படி வளர்கிறார் என்ற கேள்விகளுக்கு இம்மலையில் கிடைத்த பதில்கள் ஒரே மாதிரியானவை அல்ல.

சாவிலிருந்து தப்பி வந்தவர்கள்

அமெரிக்க மதுரை மிஷன் 1834ல் தொடங்கியது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவந்த அமெரிக்க இலங்கை மிஷனின் கிளை என்று அதைச் சொல்லலாம். மதுரைச் சமவெளிக்கு வந்த குடும்பங்களைக் காலராவும் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் விடாமல் துரத்தின. இறந்தவர்களில் இளம் தாய்மார்களும் கைக்குழந்தைகளும் அதிகம். உடல் தேற ஓர் இடம் வேண்டுமென்று முதலில் திண்டுக்கல் அருகே சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கே மலைக்காய்ச்சல் இருந்ததால் அது பயன்படவில்லை. 1821ல் பி. எஸ். வார்டு நில அளவை செய்திருந்த பழனி மலையின் மேல்தளத்தை அடுத்ததாகத் தேர்ந்தனர். 1845ல் நீபோ குன்றின் அடியில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரு வீடுகள் எழுந்தன. கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் இந்த இரு வீடுகள்தாம்.

பிழைப்பதற்காக வந்த இடம் செபிக்கும் இடமாக மாறியது தற்செயல் அல்ல. அந்தத் தலைமுறையின் விசுவாசத்தில் மையமாக இருந்தது தெய்வச் சித்தம் என்ற கருத்து. நடப்பது எதுவும் தேவனுடைய அறிவுக்கும் அனுமதிக்கும் வெளியே நடப்பதில்லை என்று நம்புகிறவர், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து என்ன செய்வார்? தேவன் நல்லவர் என்பதை விட முடியாது. நடந்தது நல்லது என்று சொல்லவும் நா எழாது. சீர்திருத்தத் திருச்சபை மரபில் இந்த இடைவெளியை நிரப்ப வந்த சொல் 'ஒப்புக்கொடுத்தல்'. விளக்கம் கிடைத்த பிறகு ஒப்புக்கொள்வது அல்ல அது, விளக்கம் கிடைக்காத நிலையிலேயே தன்னை ஒப்படைப்பது. துன்பத்தின் காரணத்தை அறிவதல்ல விசுவாசம், துன்பத்தின் நடுவிலும் தேவனுடைய குணத்தைச் சந்தேகிக்காமல் இருப்பதே என்று இம்மரபு கற்பித்தது. இந்தப் பதில் எல்லாருக்கும் போதுமானதாக இருந்திருக்க முடியாது. யோபுவின் புத்தகமும் புலம்பல் சங்கீதங்களும் வேதாகமத்துக்குள்ளேயே இருப்பதால், தேவனிடம் முறையிடுவதும் விசுவாசத்தின் ஒரு வடிவம் என்று கொள்ள இம்மரபிலேயே இடம் உண்டு.

1863ல் மதுரை ஆட்சியர் வெரே ஹென்றி லெவிஞ்சு ஏரியை அமைத்தார். 1872ல் கோக்கர்ஸ் வாக் போடப்பட்டது. கோடைக்கு வரும் மிஷனரிகளின் தொகை பெருகியது. 1890ல் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் கூடிக் கொடைக்கானல் மிஷனரி யூனியனை அமைத்தனர். அமெரிக்க காங்கிரிகேஷனல் சபையார், லுத்தரன்கள், ஆங்கிலிக்கன்கள் என்று சமவெளியில் தனித்தனி எல்லை பிரித்துக்கொண்டு பணி செய்தவர்கள் மே மாதத்தில் மட்டும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தனர். வேதபாடம், சாட்சி கூறுதல், மிஷன் பணி பற்றிய விவாதம், கூட்டுச் செபம் ஆகியவற்றோடு டென்னிசும் இருந்தது. 1908ல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபையும் உருவானதற்குப் பெரிய காரணங்கள் வேறு உண்டு. ஆனாலும் ஒரே பந்தியில் உண்டு ஒரே அறையில் முழங்காலிட்ட அந்தக் கோடைகளையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இத்தகைய கன்வென்ஷன் கூட்டங்களுக்கு அக்காலத்தில் முன்மாதிரியாக இருந்தது 1875ல் இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் தொடங்கிய இயக்கம். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் ஐக்கியத்தை நிறுவிய ஏமி கார்மைக்கேல் அந்த இயக்கத்தின் ஆதரவோடு மிஷன் பணிக்குப் புறப்பட்டவர். மனந்திரும்பிய கிறித்தவர்கூடப் பழைய கோபமும் பயமும் விடாமல் தோற்றுக்கொண்டே இருப்பது ஏன் என்பது கெஸ்விக் எழுப்பிய கேள்வி. தன் முயற்சியால் தன்னைத் திருத்த முனைவதை நிறுத்திவிட்டு, முழுமையாகக் கிறிஸ்துவிடம் ஒப்படைத்தால் ஜெயமுள்ள வாழ்க்கை கிடைக்கும் என்பது அதன் பதில். பழைய சீர்திருத்த மரபினர் இதை ஐயத்தோடு பார்த்தார்கள். பரிசுத்தமாகுதல் ஒரே இரவில் நடப்பதல்ல, ஆயுள் முழுதும் மெல்ல நடப்பது என்றார்கள் அவர்கள். விதை முளைப்பது போலவா, விளக்கு ஏற்றுவது போலவா என்ற இந்தச் சர்ச்சை இன்றும் தமிழ்நாட்டுக் கன்வென்ஷன் பந்தல்களில் ஓயவில்லை.

மலையில் செபம் வளர்ந்தபோது கீழே என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் வைத்துக் கூலியாட்கள் சுமந்துதான் மிஷனரிகளை மலையேற்றினார்கள். கடவுளோடு தனித்திருக்கச் சென்றவர்கள் மற்றவர்களின் தோளில் ஏறிப் போனார்கள் என்பது அந்த ஆன்மிகத்தின் சங்கடமான பகுதி. கோடை முழுதும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தங்களுக்குள் வாழும் ஓர் ஊராகவே கொடைக்கானல் இருந்தது. 1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை ஒப்புக்கொண்ட அவர், தங்களுக்குக் குறைவாக இருப்பது அவர்களுடைய நட்புதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் பேச்சு எந்த ஒரு ஊரையும் பற்றியதல்ல. ஆனால் அவருடைய நெருங்கிய நண்பர் ஷெர்வுட் எடியின் தாய் மார்கரெட் எடிதான் 1901ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியின் சிற்றாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நட்பும் பிரிவும் இவ்வளவு பக்கத்தில் இருந்தன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் 'ஹில் டாப்' என்ற இல்லத்தில் வாழ்ந்து 1960 மே மாதம் அங்கேயே காலமானார்.

ஒரே அனுபவம், வேறு சொற்கள்

தமிழ்க் கிறித்தவர்களிடையே சீர்திருத்த சபையாரும் கத்தோலிக்கரும் ஆன்மிகத்தைப் பற்றிப் பேசும் மொழி வேறு. மாணவர்கள் இதைக் கவனித்தால் பல குழப்பங்கள் தீரும். ஒருவர் தேவன், கர்த்தர், ஜெபம், ஆவிக்குரிய வளர்ச்சி என்பார். மற்றவர் இறைவன், ஆண்டவர், செபம், ஆன்மிக வளர்ச்சி என்பார். முந்தைய தலைமுறைக் கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றும் ஞான வாழ்வு என்றும் சொன்னார்கள்.

'நம்பிக்கை' என்ற சொல்லில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம் என்றும் நிலைக்கும் மூன்றைச் சொல்கிறது. பழைய திருப்புதலில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. முன்னதில் இரண்டாவதாக நின்ற சொல் பின்னதில் முதலாவதாக வந்துவிட்டது. ஒரு சி.எஸ்.ஐ. பாட்டியும் கத்தோலிக்கப் பேரனும் 'நம்பிக்கை' என்ற சொல்லைச் சொல்லும்போது பாட்டி வரப்போவதைப் பற்றியும் பேரன் இப்போதே பற்றிக்கொண்டிருப்பதைப் பற்றியும் பேசுகிறார்கள்.

மலையைப் பற்றிய 121ஆம் சங்கீதத்திலும் இதே போன்ற ஒரு வேறுபாடு உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் மலைகள் உதவி வரும் திசையாக இருக்கின்றன. பொது மொழிபெயர்ப்பில் அது கேள்வியாகிவிடுகிறது. மலையைப் பார்க்கும் பக்தர், உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். அடுத்த அடி இரண்டிலும் ஒன்றே: உதவி மலையைப் படைத்தவரிடமிருந்து வருகிறது. மலைவாசத்தில் ஆன்மிகம் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த இரண்டு வாசிப்புகளும் தேவைப்படும் என்றே தோன்றுகிறது. மலை உதவுகிறது, ஆனால் மலை கடவுள் அல்ல.

செண்பகனூர்: முப்பது நாள் மௌனம்

ராபர்ட் தெ நொபிலி 1606ல் மதுரைக்கு வந்தது முதல் இயேசு சபையின் மதுரை மறைப்பணி தொடர்ந்தது. 1773ல் சபை கலைக்கப்பட்டபோது அது அறுந்தது. 1814ல் சபை மீண்டும் நிறுவப்பட்ட பிறகு, 1838ல் பிரெஞ்சு இயேசு சபையினர் தமிழகத்துக்கு வந்தனர். அவர்களும் வெயிலிலும் காலராவிலும் பலரை இழந்தார்கள். லூயி சேன் சீர் பாதிரியார் 1860ஐ ஒட்டிக் கொடைக்கானலில் இடம் வாங்கினார். 1895ல் நகருக்குக் கீழே செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி நிறுவப்பட்டது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பட்டம் தரும் கல்லூரி அல்ல. இயேசு சபையில் சேரும் இளைஞர்களை உருவாக்கும் இல்லம் அது. நவதுறவிகளுக்கான பயிற்சியும் மெய்யியல் படிப்பும் அங்கே நடந்தன. தென்னிந்திய இயேசு சபைத் துறவிகளின் பல தலைமுறைகள் அந்தக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரங்களில் நடந்து பழகியவர்கள்.

இந்தப் பயிற்சியின் அடித்தளம் புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மப் பயிற்சிகள்'. 1521ல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் காலுடைந்து படுத்த படைவீரர் அவர். படிக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் கதைகளும்தான். படுக்கையில் கிடந்தபடி இரண்டு விதமாகக் கனவு கண்டார். அரண்மனைப் பெண்ணுக்காகச் சாகசம் செய்வதாக நினைக்கும்போது இன்பமாக இருந்தது, ஆனால் பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதாக நினைத்தபோதும் இன்பமாக இருந்தது, அந்த மகிழ்ச்சி பிறகும் தங்கியது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் இஞ்ஞாசியாரின் ஆன்மிகம் முழுவதற்கும் வித்து. கடவுள் ஒரு மனிதனோடு பேசுவது காதில் விழும் குரலாக மட்டும் இல்லை, உள்ளத்தில் தங்கும் சுவையாகவும் இருக்கிறது என்று அவர் கண்டார். மன்ரேசாவில் செபித்தும் தடுமாறியும் குறித்துவைத்தவற்றிலிருந்து நூல் உருவானது. 1548ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார்.

அது வாசிப்பதற்கான நூல் அல்ல, செய்வதற்கான கையேடு. சமையல் குறிப்பைப் படித்துப் பசியாறாது என்பது போல. ஏறத்தாழ முப்பது நாள் மௌனத்தில் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் செபிக்க வேண்டும். பயிற்சி 'வாரங்கள்' எனும் நான்கு கட்டங்களாக நடக்கும். முதல் வாரத்தில் ஒருவர் தன் பாவத்தை இரக்கத்தின் வெளிச்சத்தில் பார்க்கிறார். அந்த வாரத்தின் முதல் தியானம் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவோடு நண்பன் நண்பனிடம் பேசுவது போலப் பேசுவதில் முடிகிறது, தண்டனையின் பயத்தில் அல்ல. இரண்டாம் வாரத்தில் இயேசுவின் வாழ்க்கை, மூன்றாவதில் பாடுகள், நான்காவதில் உயிர்ப்பு. தியானிப்பவர் நற்செய்திக் காட்சிக்குள் கற்பனையால் நுழைகிறார். பெத்லகேம் பாதை அகலமா குறுகலா, குகை உயரமா தாழ்வா, யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக் கேட்கிறார். வழிகாட்டி அதிகம் விளக்கக் கூடாது. நிறைய அறிவதல்ல, கொஞ்சத்தை உள்ளே உணர்ந்து சுவைப்பதே ஆன்மாவை நிறைக்கும் என்பது இஞ்ஞாசியாரின் கொள்கை.

ஆன்மிக வளர்ச்சியைப் பற்றி அவர் சொன்னவற்றில் நடைமுறைக்கு மிகவும் பயன்படுவது 'தேர்ந்து தெளிதல்' பற்றிய விதிகள். செபம் இனிக்கும் காலத்தை அவர் ஆறுதல் என்கிறார். கடவுள் தொலைவில் இருப்பதாகத் தோன்றி, மனம் இருண்டு, எதிலும் பற்றில்லாமல் போகும் காலம் ஆறுதலின்மை. ஆறுதலின்மையில் இருக்கும்போது முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்பது அவருடைய கண்டிப்பான விதி. மாற்ற வேண்டியது உன்னையே. செபத்தைச் சற்றே நீட்டிக்கலாம், உள்ளத்தைச் சோதித்துப் பார்க்கலாம், பொறுமையாக இருக்கலாம். தேர்வில் தோற்ற இரவில் படிப்பை விட்டுவிடுவதாக முடிவெடுக்காதே என்று ஒரு நல்ல ஆசிரியர் சொல்வாரே, அதே ஞானம்தான்.

கடவுள் ஏன் மௌனமாகிறார் என்பதற்கும் அவர் மூன்று காரணங்களைச் சொல்கிறார். நம்முடைய அசட்டையால் ஆறுதலை நாமே இழந்திருக்கலாம். கைம்மாறு இல்லாதபோது நம் அன்பு எவ்வளவு தூரம் போகும் என்று நமக்கே தெரியவேண்டியிருக்கலாம். செபத்தின் இனிமை நம் உழைப்பின் கூலி அல்ல, கொடை என்று உணர்த்துவதற்காகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது காரணத்தில் கடவுளின் குணம் பற்றிய ஒரு தெளிவு இருக்கிறது. கடவுள் கணக்குப் பார்த்துக் கூலி தருபவர் அல்ல, தருகிறவர். எனவே வறட்சிக் காலத்தைத் தண்டனை என்று எண்ண வேண்டியதில்லை. நீபோ குன்றில் குழந்தையை இழந்தவர்கள் தெய்வச் சித்தம் என்ற சொல்லால் தாங்க முயன்ற அதே பாரத்தைச் செண்பகனூரில் வேறு முனையிலிருந்து தூக்கினார்கள். ஆனால் இஞ்ஞாசியாரின் விதிகள் செபத்தின் இருளைப் பற்றியவை. ஒரு குழந்தையின் சாவுக்கு அவை விளக்கமாகா. இரண்டையும் கலந்து பேசும் போதகர்கள் துன்பப்படுகிறவரை மேலும் துன்பப்படுத்திவிடுவதுண்டு.

இந்தப் பயிற்சி முப்பது நாளில் முடிந்துவிடுவதல்ல. ஆண்டுதோறும் எட்டு நாள் தியானம் உண்டு. தினமும் இருமுறை ஆன்ம சோதனை உண்டு. ஆன்ம சோதனை என்பது குற்றப்பட்டியல் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது நன்றி சொல்வதில் தொடங்குகிறது. பிறகு ஒளி கேட்டு, அன்றைய நாளை மணிவாரியாக நினைத்துப் பார்த்து, தவறியதற்கு வருந்தி, நாளைக்கு ஒரு தீர்மானத்தோடு முடிகிறது. கால்மணி நேரம் போதும். இயேசு சபையினர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்று இஞ்ஞாசியார் கருதினார்.

ஆன்மப் பயிற்சிகளின் இறுதியில் வருவது இறையன்பை அடைவதற்கான தியானம். படைப்புகளில் கடவுள் வாழ்கிறார், செடிக்கு வளர்ச்சியும் விலங்குக்கு உணர்வும் தந்து அவற்றுக்குள் இருந்து உழைக்கிறார் என்று அதில் நினைந்து பார்க்க வேண்டும். கடவுளை உழைப்பாளியாகக் காணும் இந்த எண்ணத்தைச் செண்பகனூரில் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லூரியோடு வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் உள்ளன. ஆர்க்கிட் வளர்ப்பும் அங்கே புகழ்பெற்றது. அருட்தந்தையர் ஆங்லேடும் நியூட்டனும் பழனி மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928ல் வெளியிட்டது. இயேசு சபைத் தாவரவியலாளர் கே. எம். மத்தேயு பழனி மலைத் தாவரங்களை முழுமையாக விவரித்த தொகுதிகள் 1999ல் வெளிவந்தன. காலையில் தியானம் செய்த அதே ஆட்கள் மாலையில் பெரணியைச் சேகரித்தார்கள். இரண்டும் வேறு வேலை என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

சலேத் மாதா

தியானமும் தாவரவியலும் துறவிகளுக்கு. கொடைக்கானலின் எளிய கத்தோலிக்க மக்களுக்கு மலையின் மையம் சலேத் மாதா ஆலயம். சேன் சீர் பாதிரியாரின் முயற்சியில் 1866ல் எழுந்த ஆலயம் அது. 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மெலனி, மாக்சிமின் என்ற இரு மாடு மேய்க்கும் பிள்ளைகள், கைகளில் முகத்தைப் புதைத்து அழும் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்தக் காட்சியே சலேத் மாதா பக்தியின் தொடக்கம். இருபது ஆண்டுகளுக்குள் அது பழனி மலைக்கு வந்துவிட்டது. மலையில் அன்னை தோன்றினார், இதுவும் மலை என்ற ஒற்றுமை பிரெஞ்சுப் பாதிரியார்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கும். அழும் தாய் என்ற உருவத்தில் உள்ள இறையியல் முக்கியமானது. மனிதனின் பாவமும் பசியும் விண்ணகத்தைப் பாதிக்காமல் விடுவதில்லை என்கிறது அது. கடவுள் துன்பத்தை அனுமதிக்கிறாரா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. கூட அழுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறது. ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் நடக்கும் திருவிழாவுக்குச் சாதி சமயம் பாராமல் கூட்டம் வருகிறது.

குறிஞ்சி ஆண்டவர் கோவிலும் இரு நற்செய்தி உரைகளும்

கிறித்தவ ஆன்மிகம் பற்றிய கட்டுரையில் ஒரு முருகன் கோவில் வருவது விந்தையாகத் தோன்றலாம். கொடைக்கானலில் 1936ல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோவிலை எழுப்பியவர் லீலாவதி ராமநாதன். ஆர். எல். ஹாரிசன் என்ற பெயரோடு ஆஸ்திரேலியாவில் பிறந்து, யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞரும் இலங்கை அரசியல் தலைவருமான சர் பொன்னம்பலம் ராமநாதனிடம் மாணவியாக வந்து, பின்னர் அவரை மணந்தவர். அவர் முதலில் கேட்டது சைவ நூல் அல்ல, நற்செய்தி. ராமநாதன் பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு நற்செய்திக்குச் சொன்ன விளக்கத்தை ஹாரிசன் பதிப்பித்து 1898ல் வெளியிட்டார். யோவான் நற்செய்தி உரை 1902ல் வந்தது.

அந்த உரைகள் இயேசுவை ஞானியாகவும் குருவாகவும் காண்கின்றன. இறையாட்சி என்பது உள்ளத்தில் மலரும் அனுபவம் என்று கொண்டு, சைவ ஞான மரபின் ஒளியில் நற்செய்தியைப் படிக்கின்றன. சிலுவையையும் உயிர்ப்பையும் வரலாற்று நிகழ்வாகவும் மீட்பாகவும் கொள்ளும் திருச்சபைக் கோட்பாட்டோடு இது ஒத்துப்போகாது. ஆனால் ஒரு தமிழ்ச் சைவர் பகைமையோ ஏளனமோ இல்லாமல், பக்தியோடு நற்செய்திக்கு அடியடியாக உரை சொன்னார் என்பது சிறிய செய்தி அல்ல. அதே மலையில் மிஷனரிகள் தமிழரின் சமயத்தைப் பற்றி அதே அக்கறையோடு விசாரித்தார்களா என்று கேட்கலாம். சிலர் விசாரித்தார்கள். பலர் விசாரிக்கவில்லை.

பெருமாள்மலை: பேசாத கடவுள்

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையில் கொடைக்கானலுக்குச் சற்று முன் பெருமாள்மலை வருகிறது. அங்கே 1996ல் தொடங்கப்பட்டது போதி ஜெண்டோ என்ற ஜென் தியான மையம். நிறுவியவர் ஆமா சாமி என்று அறியப்படும் அருள் மரிய ஆரோக்கியசாமி. 1936ல் பர்மாவில் தமிழ்க் கிறித்தவப் பெற்றோருக்குப் பிறந்த இயேசு சபைத் துறவி. ரமணர் மரபின் மீதும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், ஜப்பானில் காமகூராவில் யமாதா கோவுன் ரோஷியிடம் ஜென் பயின்றார். 1982ல் கற்பிக்கும் உரிமை பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் ஹியூகோ எனோமியா லாசால். 1945ல் ஹிரோஷிமா அணுகுண்டில் காயம்பட்டுப் பிழைத்த இயேசு சபைப் பாதிரியார் அவர்.

செண்பகனூர்ப் பயிற்சிக்கும் ஜென் அமர்வுக்கும் உள்ள வேறுபாடு உடனே புலப்படும். இஞ்ஞாசியார் கற்பனையை நிரப்பச் சொல்கிறார். ஜென் அதைக் காலி செய்யச் சொல்கிறது. அங்கே கிறிஸ்துவோடு நண்பனைப் போல் பேச வேண்டும். இங்கே சுவரைப் பார்த்து மூச்சைக் கவனித்து உட்கார வேண்டும், பேச யாரும் இல்லை. கடவுள் ஒரு 'நீ' என்று அழைக்கத்தக்கவரா, பெயரும் உருவமும் கடந்தவரா என்ற பழைய கேள்வி இந்த இரண்டு அறைகளுக்கும் இடையில் நிற்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மறுக்கவில்லை என்று அறிவித்ததால்தான் இத்தகைய முயற்சிகளுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் 1989ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறித்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடலில் எச்சரிக்கை இருந்தது. கிழக்கத்திய முறைகள் செபத்துக்கு உடலையும் மனதையும் தயார் செய்யலாம் என்று அது ஏற்றது. ஆனால் உடல் தளர்வினால் வரும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்றது. கிறித்தவச் செபம் இரு சுதந்திரங்களின் சந்திப்பு, ஒன்றில் மற்றொன்று கரைவதல்ல என்பது அதன் வாதம்.

இரு பக்கமும் நியாயம் உண்டு. மடல் சொல்லும் எச்சரிக்கை இஞ்ஞாசியாரின் சொந்த எச்சரிக்கைதான். எல்லா இனிமையும் கடவுளிடமிருந்து வருவதில்லை என்று சொன்னவரே அவர். மறுபக்கம், கடவுளைப் பற்றி நாம் சொல்லும் எந்தச் சொல்லும் அவருக்குப் போதாது என்பது நிசாவின் கிரகோரி முதல் சிலுவையின் யோவான் வரை கிறித்தவ மரபே சொன்னது. மௌனம் வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல. ஆமா சாமியிடம் பயின்றவர்களில் கிறித்தவர்களும் இந்துக்களும் எந்தச் சமயத்தையும் சாராதவர்களும் இருந்தனர். ஐரோப்பாவிலிருந்து, முக்கியமாக ஜெர்மனியிலிருந்து, பலர் வந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பியர் இம்மலைக்கு வந்தது கற்பிக்க. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறை ஒரு தமிழரிடம் உட்காரக் கற்றுக்கொள்ள வந்தது.

இன்று

கொடைக்கானலில் இப்போது பல சபைகளின் தியான இல்லங்களும் ஓய்வு இல்லங்களும் இயங்குகின்றன. கோடையில் இளைஞர் முகாம்களும் குடும்பக் கூட்டங்களும் நடக்கின்றன. வாகன நெரிசலும் ஒலிபெருக்கியும் பெருகிவிட்டதால் மௌனம் தேடி வருகிறவர்கள் நகரை விட்டு விலகி பெருமாள்மலை, செண்பகனூர்ப் பக்கமே போகிறார்கள். சலேத் மாதா ஆலயம், செண்பகனூர் அருங்காட்சியகம், குறிஞ்சி ஆண்டவர் கோவில் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். போதி ஜெண்டோ சுற்றுலா இடமல்ல, தியானம் செய்ய வருகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வருவது வழக்கம். குறிஞ்சி ஆண்டவர் கோவிலின் பெயருக்குக் காரணமான பூ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மலர்கிறது. கடைசியாக 2018ல் மலர்ந்தது.